பூஜ்ஜியம் போட்டவள்

அறிக்கை வெளியான வாரத்தில் ஊரே அந்த எண்ணைத்தான் மென்றுகொண்டிருந்தது. நான்கு மடங்கு. நாற்பது வருடத்துக்கு முன்பு வாழ்ந்தவர்களைவிட இன்றைக்கு இருப்பவர்களுக்கு நான்கு மடங்கு கோபம் அதிகம். ஷேர் ஆட்டோவில் காலை மிதித்ததற்காக இரண்டு பேர் சண்டை போட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர், "நாலு மடங்குன்னு சும்மாவா சொன்னான்" என்று சிரித்தார். தொலைக்காட்சியில் ஒருவர் செல்பேசியைக் காரணம் சொன்னார், இன்னொருவர் பிராய்லர் கோழியைச் சொன்னார். அந்தக் காலத்து ஜனங்களுக்கு எவ்வளவு பொறுமை என்று எல்லோரும் உருகினார்கள்.

சந்தனமாரிக்கு அந்த எண்ணில் பெருமை இருந்தது. அவள் கைபட்ட எண் அது. தரமணியில் குரல் ஆய்வு மையத்தில் மூன்று வருட வேலை. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஏசி அறையில் உட்கார்ந்த முதல் ஆளும் அவள்தான்.

பெருமை பதினோரு வாரம் நின்றது. பன்னிரண்டாவது வாரம் அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி, ரெண்டாந்தடவையும் தள்ளிட்டானுவ."

அம்மா பெயர் சுடலைவடிவு. தூத்துக்குடி உப்பளத்தில் முப்பத்தாறு வருடம் உப்பு வாரியவள். வலது கண் போய்விட்டது. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலைப் பார்த்துப் பார்த்தே போன கண். இப்போது அவளும் இன்னும் முப்பத்தொரு பெண்களும் சேர்ந்து மனுப் போட்டிருந்தார்கள். ஒதுங்க ஒரு கொட்டகை, குடிக்கத் தண்ணீர், கறுப்புக் கண்ணாடி, போன கண்கள் இந்த வேலையால்தான் போயின என்று ஒரு சான்று. முப்பத்திரண்டு பேரில் நன்றாகச் சத்தம் போடக்கூடியவள் என்பதால் பேசும் பொறுப்பு சுடலைவடிவுக்கு.

"என்ன சொன்னாங்க?" என்றாள் சந்தனமாரி.

"மனுசன் பேசுனாத்தான சொல்லுததுக்கு. ஒரு பொம்பளக் கொரலு, தேன்ல முக்கி எடுத்த மாதிரி. 'உங்கள் கோப அளவு ஏழு புள்ளி நாலு. உங்கள் முன்னோர்களின் சராசரி ஒன்று புள்ளி எட்டு. தணிந்தபின் அழைக்கவும்'ங்கா. எங்க முன்னோர வேற இழுக்கா. எங்கம்மைய அவளுக்குத் தெரியுமாட்டி?"

சந்தனமாரிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாக்கியத்தில் போனது.

"நாப்பது நாளு கழிச்சுக் கூப்பிடணுமாம். மூணாந்தடவையும் அளவு தாண்டிட்டுன்னா மனுவ மூடிருவாகளாம். பொறவு எங்க போயும் கேக்க முடியாதாம்."

அறிக்கை வந்த கையோடு வந்த ஏற்பாடு அது. மனு வாங்கும் இணைப்புகளில் எல்லாம் சினமானியைப் பொருத்திவிட்டார்கள். பேசுகிற குரலைக் கேட்டுக் கோபத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று சொல்லும். முன்னோர் அளவைத் தாண்டிய குரல், நியாயமான குறை இல்லை, வெறும் கோபம். நாற்பது நாள் தணிப்பு வரிசைக்குப் போ.

"கொஞ்சம் மெதுவாப் பேசேம்மா."

"நீ தானட்டி சொன்ன. காலேஜுல இருந்து லீவுக்கு வந்து, எம்மா, கையக் கட்டிக்கிட்டு நிக்காத, சத்தமாக் கேளு, ஒன் உரிமைன்ன. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல நானும் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டேன். இப்பம் மெதுவாப் பேசுன்னு சொல்லுத." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டாள். "ஆமா, எங்கம்மைக்கு எவ்வளவு கோவம்னு அந்த மெசினுக்கு எப்பிடித் தெரியும்? அவ செத்து இருவது வருசமாச்சே."

"பழைய டேப்பு இருக்கும்மா. விசாரணையில பேசுனது, ரேடியோவுல பேட்டி குடுத்தது, எல்லாம். அதக் கேட்டுக் கத்துக்கிட்டது."

"கத்துக்கிட்டதுன்னா? இது கோவம், இது கோவமில்லன்னு யாரு சொல்லிக்குடுத்தா?"

சந்தனமாரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமல் மூடினாள்.

"அது தானாக் கத்துக்கிடும்மா."

பொய். எந்தக் கருவியும் தானாக எதையும் கற்பதில்லை. அவளையும் சேர்த்து அறுபது பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பழைய குரல்களைத் துண்டு துண்டாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போட்டார்கள். அதைப் பார்த்துத்தான் சினமானி படித்தது. கையேட்டின் முதல் விதி இது: குரலில் இருப்பதை மட்டும் கேள், உனக்குத் தெரிந்ததைச் சேர்க்காதே. சத்தம், வேகம், மூச்சு, நடுக்கம், அவ்வளவுதான் கணக்கு. நோட்ஸில் உள்ளதை உள்ளபடி எழுதினால் முழு மதிப்பெண் என்று பன்னிரண்டு வருடம் அரசுப் பள்ளியில் பழகிய பிள்ளை சந்தனமாரி. சொந்தமாக ஒரு வரி சேர்த்தால் மார்க் போய்விடும் என்கிற பயத்தோடே பட்டம் வாங்கியவள். இங்கேயும் அப்படியே செய்தாள். கையேட்டோடு அதிகம் ஒத்துப்போகிறவர்கள் பட்டியலில் மாதாமாதம் அவள் பெயர்தான் முதலில்.

அவளுக்குத் தெரிந்தது என்ன என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

உப்பளத்தில் சாயங்காலம் வேலை முடிந்ததும் கணக்கப்பிள்ளை ஒருவன் மறுநாள் வேலைக்கு வேண்டியவர்களின் பெயரை வாசிப்பான். அன்றைக்குக் குரலை உயர்த்தியவளின் பெயர் அதில் இருக்காது. ஏன் என்று கேட்டால் அடுத்த நாளும் இருக்காது. அதனால் அந்தப் பெண்கள் ஒரு வழக்கம் பழகிக்கொண்டார்கள். கோபம் ஏற ஏறக் குரலை இறக்கு. மரியாதையைக் கூட்டு. வயிறு எரிகிற நேரத்தில்தான் அவர்கள் வாயிலிருந்து மிக மெல்லிய சொல் வரும். வேலை இடத்தில் பழகியது வீட்டுக்கும் வந்துவிட்டது. அப்பா குடித்துவிட்டு வரும் நாளில் அம்மா கத்தினால் பயமில்லை, பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். "சாப்பிடுதியளா" என்று அடிக்குரலில் கேட்டாள் என்றால் அப்பாவுக்குப் போதை அங்கேயே இறங்கிவிடும். மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள்.

இதெல்லாம் தெரிந்த காதோடுதான் அவள் அந்த ஒலிநாடாவைக் கேட்டாள். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பு ஓர் உப்பளத்தில் மோட்டார் கொட்டகையில் அறுந்து கிடந்த கம்பியை மிதித்துப் பூரணம் என்று ஒரு பெண் செத்துப்போனாள். பதினேழு வயது. அது பற்றிய விசாரணை. சாட்சிகளின் பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டிருந்தார்கள். பதினான்காவது சாட்சி பேசத் தொடங்கிய மூன்றாவது சொல்லிலேயே சந்தனமாரிக்குத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வயதில் அம்மா.

"கம்பி அறுந்து கெடந்தது முன்னாடியே தெரியுமா?" என்று ஓர் ஆண்குரல் கேட்டது.

"தெரியாதுங்கய்யா. மொதலாளி எல்லாம் நல்லாத்தான் வச்சிருக்காக. பூரணந்தான் பாக்காம மிதிச்சிட்டா."

குரல் தரையோடு தரையாக இருந்தது. நடுக்கம் இல்லை. வேகம் இல்லை. சந்தனமாரி அந்த இடத்தை மறுபடி ஓட்டிக் கேட்டாள். வீட்டில் அந்தக் குரலை அவள் நான்கைந்து முறைதான் கேட்டிருக்கிறாள்.

உறவினர் குரல் வந்தால் ஒதுக்கி வைக்க வேண்டும் என்றும் கையேட்டில் ஒரு விதி இருந்தது. அவள் ஒதுக்கவில்லை. சொந்த அம்மாவையே பாரபட்சம் இல்லாமல் அளந்தேன் என்று தனக்குத் தானே நிரூபிக்க வேண்டியிருந்தது. பூஜ்ஜியம் போட்டாள். அடுத்த துண்டுக்குப் போனாள். அந்த விசாரணையின் அறுநூற்றுப் பன்னிரண்டு துண்டுகளில் நானூற்றுக்கு மேல் பூஜ்ஜியம். ஒன்று புள்ளி எட்டு என்ற சராசரி அப்படித்தான் வந்தது.

மறுநாள் காலை அவள் வசுமதியின் அறைக்குப் போனாள்.

டாக்டர் வசுமதிதான் ஆய்வின் தலைவி. நேர்முகத் தேர்வில், "உன்னை மாதிரி பொண்ணுங்கதான் எனக்கு வேணும்" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டவர். விடுதிப் படிவத்தில் கார்டியன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட ஆளில்லாமல் சந்தனமாரி முழித்தபோது பேனாவை வாங்கித் தானே போட்டவர். அவருக்காக அவள் உயிரைக்கூடக் கொடுத்திருப்பாள், அப்படி ஒரு விசுவாசம்.

"மேடம், உப்பள டேப்புக்கெல்லாம் தப்பா மார்க் போட்டிருக்கோம்."

"போட்டிருக்கோமா, போட்டிருக்கியா?" வசுமதி சிரித்துக்கொண்டே நாற்காலியைக் காட்டினார்.

சந்தனமாரி உட்காரவில்லை. "அவங்க எல்லாம் கோவமாத்தான் இருந்தாங்க. காட்டினா மறுநாள் வேலை கிடையாது, அதனால காட்டல. இப்ப இருக்கிறவங்க காட்டுறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம். நாம கோவத்தை அளக்கவே இல்ல மேடம். பயத்தை அளந்திருக்கோம்."

"அழகா சொல்ற. ஆனா காட்டாத கோபத்தை எதை வெச்சு அளக்கிறது?"

"எனக்குக் கேக்குதே."

"கேட்டுதுன்னா ஏன் பூஜ்ஜியம் போட்ட?"

சந்தனமாரி வேறொன்று கேட்டாள். "உங்களுக்குத் தெரியும், இல்ல?"

வசுமதி மறைக்கவில்லை. அதுதான் அவளை அதிகமாக அடித்தது. மறைக்க வேண்டிய விஷயமாகவே அவருக்கு அது தோன்றவில்லை.

"சந்தேகம் இருந்தது. எல்லா ஆய்விலயும் ஒரு ஓட்டை இருக்கும்மா. அதை யார் வந்து கேப்பாங்கன்னு முன்கூட்டியே யோசிக்கணும். நானும் என் மாணவர்களும் பூஜ்ஜியம் போட்டிருந்தா, அந்த ஜனங்க குரல் இவங்க காதுல எப்படி விழும்னு நாளைக்கே ஒருத்தன் எழுதியிருப்பான். அறிக்கையில பதினேழாம் பக்கம் படிச்சியா? மதிப்பிட்டவர்கள் அதே சமூகங்களிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள்னு ஒரே ஒரு வரி. அதுக்கு மேல யாரும் வாயைத் திறக்கல."

மூன்று வருடமாக அது தன் படிப்புக்குக் கிடைத்த வேலை என்று அவள் நினைத்திருந்தாள். இல்லை, அது பிறந்த இடத்துக்குக் கிடைத்த வேலை. காதுக்குக்கூட இல்லை. அந்தக் காது யாருடையது என்று எழுதிக்கொள்வதற்கு.

"மாத்துங்க மேடம். அதுல பதினாலாவது சாட்சி எங்கம்மா. ஏழு புள்ளி நாலுன்னு இப்ப அவங்க மனுவைத் தள்ளிட்டாங்க. முப்பத்திரண்டு பேர்."

வசுமதி கையேட்டைப் புரட்டினார். "முறை ஒண்ணு இருக்கு. குரலுக்கு உரியவங்க உயிரோட இருந்தா, கருவி முன்னால உக்காந்து, அன்னைக்கு நான் கோபமாத்தான் இருந்தேன்னு சொல்லணும். அப்படி ஒருத்தர் சொன்னாப் போதும், அந்த விசாரணை முழுக்கத் திருப்பி மதிப்பிடணும். சராசரி ஏறும். உங்க அம்மாவோட ஏழு அப்புறம் பெரிசாத் தெரியாது. ஆளைக் கொண்டு வா."

ஆள் அடுத்த வாரமே ரயிலேறி வந்தாள்.

எழும்பூரிலிருந்து தரமணி வரைக்கும் சுடலைவடிவு பேசிக்கொண்டே வந்தாள். இருக்கிற சேலையில் நல்லதைக் கட்டியிருந்தாள். "ஏட்டி, கோவமா இருந்தேன்னு சொன்னாப் போதுமா, என்ன கோவம்னும் சொல்லணுமா? கம்பி அறுந்து கெடக்குன்னு நாந்தான் கணக்கப்பிள்ளைட்ட ரெண்டு தடவ சொன்னேன். அதயும் சொல்லட்டா? பூரணம் எம் பக்கத்துலதான் நிப்பா. அன்னைக்கு அந்த ஆபீசரு கேக்கையில, வாசல்ல கணக்கப்பிள்ளை நிக்கான். நான் என்னத்தச் சொல்ல? இந்தா, இப்பம் சொல்லுததுக்குத்தான் உசுரோட கெடக்கேன் போல."

சந்தனமாரி மூன்று முறை வாயெடுத்தாள். ரயிலடியில் ஒரு முறை, ஆட்டோவில் ஒரு முறை, மின்தூக்கியில் ஒரு முறை. எம்மா, அந்தப் பூஜ்ஜியம் நான் போட்டது. மூன்று முறையும் வேறு எதையோ சொன்னாள். வேலை முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். மனு பிழைத்துவிட்டால் இது ஒரு விஷயமா?

அறையில் வசுமதி எழுந்து நின்று கும்பிட்டார். "வாங்கம்மா. காபி சாப்பிடுறீங்களா?"

"அதெல்லாம் வேண்டாம் தாயி, சோலியப் பாப்போம்," என்று சுடலைவடிவு காலை நன்றாக ஊன்றி உட்கார்ந்தாள். எதிரே திரையில் பெரிதாக ஓர் எண். பேசுகிறவரின் கோபம். அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கே மூன்று புள்ளி இரண்டு காட்டியது.

பழைய குரலை ஓடவிட்டார்கள். தெரியாதுங்கய்யா. எல்லாம் நல்லாத்தான் வச்சிருக்காக.

சுடலைவடிவு தலையைச் சாய்த்து, தெரிகிற கண்ணையும் மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "நான்தான். பாவி, எப்படிப் பேசியிருக்கேன் பாரு," என்றாள். திரையில் ஆறு. "தாயி, எழுதிக்கோ. அன்னைக்கு எனக்கு…"

"ஒரு நிமிஷம்மா. பதிவு இன்னும் ஆரம்பிக்கல. ஏற்கெனவே போட்ட மதிப்பெண்ணை முதல்ல படிச்சுக் காட்டணும், அதான் முறை." வசுமதி தாளைப் பார்த்து, தெளிவாக, அவசரமில்லாமல் படித்தார். "சாட்சி எண் பதினாலு. கோப அளவு பூஜ்ஜியம். மதிப்பிட்டவர், மு. சந்தனமாரி." பிறகு நிமிர்ந்து புன்னகைத்தார். "உங்க பொண்ணுதாம்மா. இங்க இருக்கிறதுலயே ரொம்ப நல்ல காது."

சுடலைவடிவு மகள் பக்கம் திரும்பினாள். ஒற்றைக் கண் என்பதால் முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது.

"மெசினு தானாக் கத்துக்கிட்டதுன்ன."

சந்தனமாரி தரையைப் பார்த்தாள்.

"ஏங்கொரலுன்னு தெரியாமப் போட்டியாட்டி?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் அவளுக்கு மனம் வரவில்லை. "தெரிஞ்சிச்சும்மா," என்றாள்.

வசுமதி பதிவுப் பொத்தானை அழுத்தினார். "சொல்லுங்கம்மா. அன்னைக்கு விசாரணையில பேசும்போது உங்களுக்குக் கோபம் இருந்ததா?"

சுடலைவடிவு நாற்காலியின் நுனிக்கு வந்தாள். ஊன்றியிருந்த கால்கள் உள்ளே போயின. கைகள் ஒன்றோடு ஒன்று கட்டிக்கொண்டன.

"இல்லீங்கம்மா."

"கொஞ்சங்கூட?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவுக படிச்சவுக. அவுக போட்டது சரியாத்தான் இருக்கும்."

திரையில் எண் ஆறிலிருந்து இறங்கி, ஒன்றில் ஒரு கணம் தயங்கி, பூஜ்ஜியத்தில் போய் நின்றது.

சந்தனமாரி எழுந்துவிட்டாள். "மேடம், இத எழுதாதீங்க. அவங்க கோவமா இருக்காங்க. இப்ப, இந்த நிமிஷம், ஏம்மேல கோவமா இருக்காங்க. இதுக்கு மேல ஒரு கோவம் அவங்களுக்குக் கிடையாது. உங்களுக்குக் கேக்கலையா? எம்மா, சொல்லும்மா. என்னைத் திட்டுறதுன்னா அப்புறம் திட்டு, செருப்பால அடி, இப்ப சொல்லு. முப்பத்திரண்டு பேரும்மா."

அவள் கத்தியது வராந்தா வரைக்கும் கேட்டது. கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். வசுமதி பேனாவால் திரையைக் காட்டினார். ஒன்பது புள்ளி ஒன்று.

"அம்மாவுக்குப் பூஜ்ஜியம். பொண்ணுக்கு ஒன்பது," என்றார் ஆறுதலாக. "நாம சொன்னதுதானேம்மா இது?"

சுடலைவடிவு எழுந்து அந்த அம்மாளுக்குக் கும்பிடு போட்டாள். வெளியே ரோட்டில் பஸ் வரும்வரை மகளுக்கும் அவளுக்கும் நடுவில் நான்கடி இருந்தது. சந்தனமாரி என்னென்னவோ சொன்னாள். கையேடு, விதி, முதலிடம், பயம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், கணக்கப்பிள்ளைக்கு ஆட்டுகிற மாதிரி.

மறுநாள் சந்தனமாரி, அம்மாவிடம் சொல்லாமலே, வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். வசுமதி நல்ல சான்றிதழ் ஒன்று கொடுத்து அனுப்பினார். பதினேழாம் பக்கத்து வரியை எடுக்கச் சொல்லிச் சந்தனமாரி மையத்துக்கு நான்கு கடிதம் போட்டாள். நான்கு கடிதத்தையும் கருவி படித்தது. எழுத்திலும் கோபம் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். நான்கும் தணிப்பு வரிசைக்குப் போயின.

நாற்பதாவது நாள் முடிந்து இரண்டு நாள் கழித்து, காலை ஏழு மணிக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. சென்னையிலிருந்து திரும்பிப் போன பிறகு அவள் செய்த முதல் போன்.

"எம்மா. பேசினியா? என்னம்மா ஆச்சு?"

"பேசுனேன். மனுவ ஏத்துக்கிட்டாக." குரல் எங்கோ தூரத்துக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "அளவு பூஜ்ஜியம்னு சொன்னாக. இப்பிடித்தான் பேசணும்னு அந்தப் பொம்பளக் கொரலு பாராட்டிச்சு. கொட்டகையும் கண்ணாடியும் வருமாம். மத்த பொம்பளையளுக்கும் எப்பிடிப் பேசணும்னு சொல்லிக்குடுக்கச் சொன்னாக."

ஜெயித்தாகிவிட்டது.

"எம்மா, கண்ணு சான்று?"

"அதுவும் தருவாகளாம். உங்களால ஆன உதவிதான்."

உங்களால. அவள் காதில் அது அறைந்தது மாதிரி விழுந்தது.

"எம்மா, அப்பிடிப் பேசாதம்மா. ஏட்டின்னு சொல்லு. ஒரு தடவ சத்தம் போடேன். என்ன வேணும்னாலும் சொல்லிச் சத்தம் போடு."

மறுமுனையில் காற்று இரைந்தது. உப்பு வாரும் பலகைகள் உரசும் ஓசை. யாரோ சுடலைவடிவைக் கூப்பிட்டார்கள். அவள் அவசரப்படவில்லை.

"சத்தம் எதுக்கு," என்றாள் அம்மா, மிகவும் மெதுவாக. "எனக்கு உங்க மேல ஒரு கோவமும் கெடையாது. வேலைக்கு நேரமாயிருக்கும். நீங்க போங்க."